நத்தையின் வழும்பு

மாரி மழை பிடித்துவிட்டால், விடியற்காலையில் காரைதீவு மதில்களில் காய்ந்த வழும்புக் கோடுகள் மினுங்கும். பப்பாசி, முருங்கை, கிணற்றுக்கட்டு எதுவும் தப்பாது. வெள்ளையடித்த மதிலையே நத்தைகள் சுரண்டித் தின்னும். ஓடு வளர அவற்றுக்குச் சுண்ணாம்பு வேண்டும். இந்த நத்தை கிழக்காபிரிக்க இனம். 1847இல் பென்சன் என்பவர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். 1900 வாக்கில் இலங்கைக்கும் வந்துவிட்டது.

வழும்பைக் கண்டுதான் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ அதுதான் பெரும் வியப்பு. வாய்க்குச் சற்றுக் கீழே, பாதத்தின் முன்நுனியில் ஒரு சுரப்பி திறக்கிறது. அது வழும்பை விரிக்க விரிக்க, உடல் அதன்மேல் ஏறிப் போகிறது. தோல் முழுக்கச் சிறுசிறு சுரப்பிகளும் உண்டு. உடலைக் காயவிடாமல் காப்பவை அவை. வழும்பில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில், சர்க்கரையும் புரதமும் பின்னிய நீண்ட இழைகள்தான் வித்தை செய்கின்றன. மெல்ல அழுத்தினால் வழும்பு இறுகி நிற்கும். அழுத்தம் ஓர் எல்லை தாண்டினால் இளகி ஓடும். விட்டதும் மறுபடி இறுகும். பாதத்தின் தசை வாலிலிருந்து தலை நோக்கி அலையலையாக அசைகிறது. அலை போகுமிடத்தில் வழும்பு இளகுகிறது, இடைவெளியில் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைக் காலுடன் செங்குத்து மதிலில் ஏறுவது இப்படித்தான்.

இதற்கு ஆகும் செலவு கொஞ்சமல்ல. ஓடுவது, நீந்துவது, பறப்பது எல்லாவற்றையும் விட ஊர்வதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும் என்று 1980இல் மார்க் டென்னி ஓடில்லா நத்தையை வைத்துக் கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு வழும்பைச் செய்வதற்கே போகிறது.

"உப்பைப் போடு மனே, செத்துப்போகும்" என்பார்கள் எங்கள் பக்கத்தில். உப்புப் பட்டதும் உடலின் நீர் வெளியே இழுபடுகிறது. தப்பிக்க நத்தை மேலும் மேலும் வழும்பைச் சுரந்து, உள்ள நீரையும் இழந்து துடித்துச் சாகிறது. பார்க்கவே பொறுக்காத சாவு அது. கீரைப்பாத்திக்கும் உப்பு கேடு. பயிரைத் தின்னும் நத்தையை அகற்றத்தான் வேண்டும். அந்தியில் பொறுக்கி, ஒரே அடியில் நசுக்கி, ஆழப் புதைத்துவிடலாம். வெறுங்கையால் தொடக்கூடாது. எலியின் நுரையீரல் புழுக்குஞ்சுகள் நத்தையில் இருக்கலாம். அவை மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். கீரையையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நத்தை ஓட்டின் வாயை வழும்பாலேயே அடைத்து, அது ஏடாகக் காய, உள்ளே முடங்கிக் கிடக்கும். கல்லிடுக்கிலும் பழைய கிடுகின் அடியிலும் தேடினால் பகலிலேயே பொறுக்கலாம். உப்புக்கு அங்கே வேலையே இல்லை.