பங்காளிச் சொற்கள்

இங்கிலீஷ் பாஷையில் சில சொற்கள் ஒரே வீட்டுப் பங்காளிகளைப் போன்றவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே முகஜாடை. கிட்டப் போய் ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவரைக் கூப்பிட்டுவிட்டாலோ, வந்தது மோசம்! இதில் நம்மவர்கள் இடறி விழுவதற்குக் காரணம் புத்திக் குறைவு அன்று. அங்கே இரண்டு சொற்கள் நிற்கும் இடத்தில் நம்மிடம் ஒரே சொல் நிற்கிறது, அவ்வளவுதான். மரத்தடியில் நாம் இளைப்பாறுவதும் நிழலில்தான். சுவரில் நம்மோடு கூடவே நடந்து வருவதும் நம் நிழல்தான். இங்கிலீஷ்காரனோ முன்னதை ‘ஷேட்’ என்றும் பின்னதை ‘ஷாடோ’ என்றும் பாகப்பிரிவினை செய்துவிட்டான். போகட்டும், அவன் ‘வீ’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவதை நாம் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் பிரித்து, கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்பதையும் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

எங்கள் ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவர் ‘டினை’, ‘ரெபியூஸ்’ என்னும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுத்தது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. “திருடினாயா என்று கேட்டால், இல்லை என்று மறுப்பது டினை. காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்டால், வேண்டாம் என்று மறுப்பது ரெபியூஸ். நீ முதலாவதைத் தவறாமல் செய்வாய். இரண்டாவதை ஒரு நாளும் செய்யமாட்டாய்!” என்பார்.

அவரிடம் படித்து, பின்னர் பி.ஏ.யும் தேறிய கர்வத்துடன், 1966-ஆம் வருஷம் வால்பாறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். துரை இங்கிலீஷ்காரர். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியில் வரும் அரிசி மூட்டைகளை, தொழிலாளருக்குக் கொடுப்பதற்காக ஒரு கிடங்கில் அடுக்கி வைப்பது வழக்கம். ஒரு மழைக் காலத்தில் அதில் மூன்று மூட்டைகள் குறைந்தன. கிடங்குக்குக் காவல் ஒரு பெரியவர். அவருடைய மகளுக்கு முந்திய மாதம்தான் கல்யாணம் நடந்திருந்தது. வேறு சாட்சியம் எதுவும் என்னிடம் இல்லை. எனக்கு அதுவே போதுமானதாயிருந்தது.

ஆபீஸில் உள்ளவர்கள் தத்தம் அபிப்பிராயத்தை எழுதித் தரும்படி துரை கேட்டார். மற்றவர்கள், ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். நான் மட்டும், காவற்காரர்மேல் எனக்குச் சந்தேகம் என்பதை அழகிய இங்கிலீஷில் தெரிவித்தேன். “ஐ டவுட் தட் தி வாட்ச்மேன் டுக் தி பேக்ஸ்” என்பது அந்த வாக்கியம்.

துரை அதை இரண்டு முறை படித்தார். “என் எண்ணமும் இதுவேதான். தைரியமாக எழுதினதற்கு வந்தனம்” என்றார். பெரியவருக்குச் சீட்டுக் கிழியப்போகிறது என்று காத்திருந்தேன். மாலையில் அவர் வழக்கம்போல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடங்கு வாசலில் வந்து உட்கார்ந்தார்!

அன்றிரவு பெரிய அகராதியைப் புரட்டினேன். ‘டவுட்’ என்றால் ‘அப்படியிராது என்று எண்ணுகிறேன்’. ‘ஸஸ்பெக்ட்’ என்றால் ‘அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன்’. இரண்டையும் ‘சந்தேகப்படுகிறேன்’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தேன் நான். காவற்காரர் எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை என்றல்லவா என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

‘டவுட்’ என்பதன் லத்தீன் மூலத்துக்கு ‘இரண்டு’ என்னும் எண்ணோடு உறவு உண்டு. மனம் இரண்டுபட்டு நிற்பது. தூரத்தில் தெரிவது கட்டையா, மனிதனா என்று தெரியாமல் நிற்பதைத்தானே நம் இலக்கணக்காரர்களும் ஐயத்துக்கு உதாரணமாகக் காட்டினார்கள்? (அந்தச் சொல்லின் நடுவில் ‘பி’ என்ற எழுத்து ஒன்று சப்தமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் மூலத்தை ஞாபகப்படுத்துவதற்காகப் பண்டிதர்கள் பிற்பாடு கொண்டுவந்து வைத்தது. ஆபீஸ்களிலும் அப்படிச் சிலர் உண்டு.) ‘ஸஸ்பெக்ட்’ என்பதற்கோ, கீழேயிருந்து மேலே பார்ப்பது என்று மூலப்பொருள். ஓரக்கண்ணால் பார்ப்பது என்போமே, அந்த ஜாதி. ஒரு கல்யாணத்தை வைத்து அந்தப் பெரியவரை நான் பார்த்ததும் அப்படித்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷில் ‘டவுட்’ என்பதற்கு நான் கொண்ட பொருளும் வழங்கிற்று. ஸ்காத்லாந்தில் இன்றைக்கும் வழங்குகிறது. மலைத் தோட்டங்களில் ஸ்காத்லாந்துத் துரைமார்களுக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் துரையும் அந்தச் சீமைக்காரராக இருந்திருந்தால் பெரியவரின் கதி என்ன ஆகியிருக்குமோ!

மறுநாள் ‘ஸஸ்பெக்ட்’ என்ற சொல்லைப் போட்டு வேறொரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்று முறை துரையின் அறை வாசல் வரையில் போனேன். மூன்று முறையும், “என்ன?” என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும், ஏதோ கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். தைரியத்துக்கு வந்தனம் பெற்றவன் நான்!

சனிக்கிழமை விஷயம் வெளியாயிற்று. மழைக்குப் பயந்து லாரிக்காரன் அந்த மூன்று மூட்டைகளையும் கீழ்த் தோட்டத்துக் கிடங்கில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். அங்கே கணக்குப் பார்த்தபோது மூன்று அதிகமாயிருந்தது. சட்டைப் பையிலிருந்த கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு என் ஜாகைக்கு ஏறி வந்தார். இறக்கி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, “எல்லாரும் வாயை மூடிக்கிட்டிருந்தப்போ, குமாஸ்தா ஐயா ஒருத்தர்தான் எனக்காக எழுதிக் கொடுத்தாருன்னு துரை சொன்னாருங்க” என்று கைகூப்பினார்.

நான் பழத்தை ரெபியூஸ் செய்யவில்லை. அவர் சொன்னதை டினை செய்யவும் இல்லை. நல்ல வருக்கைப் பலா. ஆபீஸ் முழுவதும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு சுளைக்கு மேல் தொண்டையில் இறங்கவில்லை.