அச்சு

கழற்றி இறக்கிய பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. நாலு பேர் பிடித்தும் மூச்சு வாங்கியது. அம்பாசடர் காரின் பின் அச்சு. திருநெல்வேலியில் ஒரு ஒர்க் ஷாப்பின் பின்புறம், வேப்பமரத்தடியில், இரண்டு கட்டைகளின் மேல் கிடத்தினோம். பட்டை ஸ்பிரிங்கோடு அதைக் கட்டியிருந்த யூ போல்ட்டுகளில் இரண்டு கழல மறுத்து அறுபட்டன.

அப்பாவின் கார். தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கு பார்த்தவர். அளத்து வரப்புகளின் மேல் பத்தொன்பது வருஷம் இந்தக் காரைத்தான் ஓட்டினார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, உத்தரப்பாராவில் 2014 வரை அதிக மாற்றமின்றிச் செய்யப்பட்டு வந்த கார். ஆகவே உதிரி பாகங்களுக்கு இன்றும் குறைவில்லை. அச்சைச் சுத்தம் செய்து, துருப்பிடிக்காமல் பக்குவம் பண்ணி, மறுபடி மாட்டுவதுதான் நோக்கம்.

முதலில் சுரண்டல். மண்ணும் கிரீஸும் சேர்ந்து விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. உளித்தகடு, கம்பி பிரஷ், மண்ணெண்ணெய். நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டைப் பகுதியில் வருஷக்கணக்காக எண்ணெய் கசிந்திருக்கிறது. அதற்காக அப்பா எத்தனை மெக்கானிக்குகளைத் திட்டியிருக்கிறார்! அழுக்கைப் பெயர்த்தால், அடியில் இரும்பு நேற்று வார்த்தது போல இருந்தது. கசிவே இல்லாமல் ஒழுங்காக இருந்த இரு கைகளும்தான் செதில் செதிலாக உதிர்ந்தன.

இதிலிருந்து ஒரு தத்துவம் பண்ணலாம். எனக்கு அதில் பழக்கமும் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதே அச்சுக்கு ஆறு வருஷம் முன்பு நானே ஒரு தடவை வர்ணம் அடித்தேன். அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, மேலே கறுப்பு இரண்டு பூச்சு. பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை கழிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளேயிருந்து செம்பழுப்பாய் ஒழுகியது.

"மேல தேச்சா போதுமா தம்பி? உப்பு உள்ளேல்லா கெடக்கு" என்றார் மெக்கானிக் அண்ணாச்சி.

துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது, அரிப்பு விரைகிறது. அதோடு, உப்பிலிருக்கும் குளோரைடு குழிகளின் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. மேலே தேய்த்துப் பூசினாலும் அங்கே காரியம் நடந்துகொண்டே இருக்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில் நம்மைவிட இரும்பு ஒழுங்கானது.

வைத்தியம் விசித்திரமானது. துருவிலிருந்து காப்பாற்ற இரும்பைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். திறப்புகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, பிரஷ் போட்டுக் கழுவி, உடனே காற்றடித்து வெயிலில் காய வைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, இப்படி மூன்று தடவை. ஒரு நாள் முழுக்க இதிலேயே போயிற்று.

புறநானூற்றில் (102) ஔவையார் உப்பு வண்டிக்காரர்களைப் பாடுகிறார். பாரம் பெரிது, பாதை மேடுபள்ளம் என்று உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பயந்தது பாரத்துக்கும் பாதைக்கும். இரும்பு அச்சுக்கு இன்னொரு விதச் சாவும் உண்டு. 1842 மே 8ஆம் தேதி வெர்சேயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலில் எஞ்சினின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து செத்தார்கள். மறுவருஷம் ராங்கின் என்ற இளம் பொறியாளர் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, அவை திடீரென்று முறிவதில்லை, ஒரு விரிசல் சுற்றிலுமிருந்து உள்நோக்கி மெல்ல வளர்கிறது என்று காட்டினார். விரிசல் தொடங்க ஏதாவது ஒரு குறை வேண்டும். துருக்குழி அதற்குப் போதும். ஆகவே இது அழகு சம்பந்தமான வேலை அல்ல.

இப்போது மறைத்ததைச் சொல்ல வேண்டும். கடைசிச் சித்திரையில் அப்பா கேட்டார். "ஒரு நடை அளத்தைப் பாத்துட்டு வந்துரலாமா? நம்ம வண்டியிலயே போவோம்." ஐம்பது கிலோமீட்டர். அன்று நான் ஒரு பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதழ் ஏற்கெனவே தாமதம். "அச்சுல சத்தம் வருதுப்பா. வழியில நின்னுட்டா என்ன செய்ய?" என்றேன். வண்டியைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர். ஒரு கணம் பார்த்துவிட்டு "சரிடா" என்றார். வைகாசியில் போய்விட்டார்.

பிறகு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இந்தப் பக்கங்களின் வாசகர்கள் சிலர் படித்திருக்கக்கூடும், கடிதம்கூடப் போட்டார்கள். அதில் ஒரு வாக்கியம்: உப்பளத்தை இன்னொரு முறை பார்க்கக் காலம் அவருக்கு இடம் தரவில்லை. காலத்தைத் தவிர வேறு யார் மேலும் குற்றமில்லாத வாக்கியம். அச்சாகியும் விட்டது. அதே மாதந்தான் காருக்கடியில் படுத்துக் கறுப்பு அடித்ததும்.

கழுவிக் காய்ந்த மறுநாள் விரிசல் சோதனை. பழைய ரயில்வே பட்டறை முறை. சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஷாஃப்டுகளையும் உருவி, இராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் ஈரம் போகத் துடைத்து, ஸ்பிரிட்டில் குழைத்த சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசினோம். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி, வெள்ளையில் ஒரு கோடு விழும். வெளிக் கூட்டின் பற்றவைப்பு ஓரங்களிலும் அப்படியே செய்தோம்.

அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடு விழ வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அண்ணாச்சி பேரிங்குகளைக் காதருகில் வைத்துச் சுழற்றிப் பார்த்தார்.

"லேசா ஒரு உறுமல் இருக்கு. அது ஒண்ணும் செய்யாது. தூத்துக்குடி என்ன, மெட்ராஸே போயிட்டு வந்திருக்கலாம்."

அவருக்கு எதுவும் தெரியாது. ஊர் பேரைத் தற்செயலாகச் சொன்னார்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளின் அடியில் கொஞ்சம் பழுப்பு மிஞ்சும். அதையும் எடுத்தே தீர்வேன் என்று கிரைண்டர் பிடித்தால் நல்ல இரும்பு போய்விடும். மிஞ்சியதன் மேல் டேனிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவினோம். துருவோடு கூடி அது நீலக் கறுப்பாகிறது, இறுகிப் படிந்துவிடுகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டி அந்தக் காலத்தில் மை செய்தார்களே, அதுவும் டேனினும் இரும்பும் சேர்ந்த இதே கறுப்புதான். மை என்றதும் உள்ளே இருக்கும் எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்தான். அவனை உட்கார்ந்தபடியே இருக்க விட்டுவிட்டேன். உதிரும் துருவின் மேல் இதைத் தடவினால் பயனில்லை; சுரண்டி, கழுவி, காய்ந்த பிறகு மிஞ்சியதன் மேல்தான் பிடிக்கும். வரிசை மாறக்கூடாது.

அதன் மேல் பிரைமர், பிறகு கறுப்பு. கூட்டின் மேலுள்ள மூச்சுத் துளை வர்ணத்தால் அடைபடக்கூடாது. அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக்குக்குள் போகும். ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் வர்ணம் மெல்லியதாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் பாரத்தில் நசுங்கி, போல்ட் தளரும்.

மூன்றாம் நாள் மாட்டினோம். புது யூ போல்ட், புது சீல், புது எண்ணெய். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டாங்க. போல்ட்ட இன்னொரு தடவை முறுக்கணும்."

தூத்துக்குடி போக ஐம்பது, வர ஐம்பது. நேற்று போய் வந்தேன். அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். காரைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தேன்.