பூச்சில்லாத மரம்



நம் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பியை மூன்று வாரங்களாகக் காணவில்லையே என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். காரணம் நான்தான். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியின்போது அந்தக் கிட்டாரை எடுத்துப் பார்த்தேன். கழுத்துப் பகுதியின் பின்புறம், கட்டைவிரல் படுமிடமெல்லாம் கறுத்திருந்தது. "ஆலயத்துப் பொருளை இப்படியா வைத்திருப்பது?" என்று எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் கிட்டாரை உறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகே இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் அதைக் காட்டினேன். "ஐயா, இது வார்னிஷ் அடிக்காத வெறும் மேப்பிள் மரம். யார் வாசித்தாலும் இப்படித்தான் ஆகும்" என்றார். பழைய கழுத்து வளைந்தபோது, விலை குறைவென்று இதை வாங்கச் சொன்னவனும் நானே.

பூச்சில்லாத மரம் கையின் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி உப்பும், கோடையில் சுருங்கும். நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையோடு அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இரும்புத் தண்டு தாங்கினாலும், காக்கப்படாத மரம் நாளடைவில் கோணிப்போகக்கூடும்.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "கிட்டாரைக் கொண்டுவந்தீர்களா, ஐயா?" என்றார்.

இருவருமாக வேலையைத் தொடங்கினோம். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, கழுத்தைத் தனியே எடுத்தோம். 400 எண் உப்புத்தாளால் மர இழையின் போக்கிலேயே மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்தோம். நான் தேங்காய் எண்ணெய் போதுமென்றிருந்தேன். அது உலராது, பிசுபிசுக்கும் என்று அவர் தடுத்தார். உலர்ந்து இறுகும் டங் எண்ணெயைத் துணியில் சில துளிகள் எடுத்துப் பூசி, கால்மணி நேரங்கழித்து மிகுதியைத் துடைத்தெடுத்தோம். ஒரு நாள் உலரவிட்டு மறுபடியும் பூசினோம். இப்படி மூன்று முறை. கண்ணுக்குத் தெரியாமல் உடலுக்குள் பொருந்தும் அடிப்பகுதிக்கும் பூசினோம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கினால் மரம் வளையும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போட்டோம். சில எண்ணெய்த் துணிகள் சுருண்டு கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றுவதுண்டு.

கறை பெரும்பாலும் மங்கியது, முற்றிலும் போகவில்லை. இனி ஆண்டுக்கு ஓரிரு முறை இதே பராமரிப்பு வேண்டும்.

அன்பானவர்களே, வாலிப உள்ளமும் பூச்சில்லாத மரமே. நாம் எறியும் சொல் அதன்மேல் வழிந்தோடிவிடுவதில்லை, உள்ளே இறங்குகிறது. ஒரே நாளில் அன்பை அள்ளிக் கொட்டி அதை ஈடுசெய்யவும் இயலாது. கொஞ்சங் கொஞ்சமாக, பொறுமையோடு, திரும்பத் திரும்ப அணுகவேண்டும். போகாத கறைக்கு நாம் பொறுப்பேற்கவும் வேண்டும்.

எல்லார் முன்னிலும் கடிந்துகொண்ட நான், எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்பதே முறை. ஆதலால் இங்கே கேட்கிறேன். வரும் ஞாயிறு அவர் வாசிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். கறையைத் தேடிப் பாராதிருங்கள். அருகே சென்று அவர் கையைப் பற்றி வாழ்த்துங்கள்.

நீங்கள் கடிந்துகொண்ட பிள்ளை எவரேனும் உண்டானால், இந்த வாரமே அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். கர்த்தர் உங்களோடிருப்பாராக.