ஒல்லிப்பிச்சானுக்கு மூணு மாசம் போதுமா?

வேலூரிலோ ஆம்பூரிலோ ஏதாவது ஒரு ஜிம் வாசலில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். ஐம்பது, ஐம்பத்தஞ்சு கிலோவில் ஒரு பையன் தயங்கித் தயங்கி உள்ளே வருவான். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாடியே அவன் கேட்பது இதுதான்: "அண்ணே, எத்தனை மாசத்துல பாடி வரும்?" மாஸ்டரும் அசராமல், "மூணு மாசம் தம்பி" என்பார். (மூணு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் ஃபீஸில் தள்ளுபடி உண்டு என்பது தனிக்கதை.)

பையன் கட்டுவான். ஒழுங்காக வருவான். மூணாவது மாசக் கடைசியில் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பான். சட்டை இன்னும் தொளதொளவென்றுதான் தொங்கும். "நம்ம உடம்புவாகு இவ்ளோதான்" என்று முடிவு பண்ணி நின்றுவிடுவான். இதில் சோகம் என்னவென்றால், உடம்பு வேலையை ஆரம்பித்த நேரத்தில்தான் அவன் நின்றிருக்கிறான்.

எப்படி என்கிறீர்களா? முதல் ஆறு முதல் எட்டு வாரத்தில் தூக்கும் எடை வேகமாக ஏறும். ஆனால் அதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1979-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். முதலில் நரம்பு, பிறகுதான் தசை. பலம் தெரியும், பாடி தெரியாது. கண்ணாடியில் தெரிய மூணு மாசத்துக்கு மேலேயும் ஆகலாம்.

அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். 2005-ல் வெளியான ஒரு ஆய்வில் 585 பேருக்கு ஒரு கைக்கு மட்டும் 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஒருத்தருக்கு பைசெப்ஸ் 59 சதவீதம் பெருத்திருக்கிறது. இன்னொரு கோடியில் ஒருத்தருக்கு 2 சதவீதம் குறைந்தே போயிருக்கிறது! சராசரி 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. அதனால் பக்கத்து பெஞ்ச் பையன் டி-ஷர்ட் டைட் ஆகிவிட்டது என்று வயிறு எரிவதில் அர்த்தமே இல்லை. அவன் வாங்கிவந்த வரம் அது.

சரி, கிலோ கணக்குக்கு வருவோம். ஆலன் அராகன் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர் மாசத்துக்குத் தன் எடையில் 1 முதல் 1.5 சதவீதம் வரை தசை ஏற்றலாம். 55 கிலோ பையனுக்கு இது அரைக் கிலோவிலிருந்து 800 கிராம். சாப்பாடு, தூக்கம், பயிற்சி எல்லாமே ஒழுங்காக இருந்தால்தான் இதுவும். ஒரு வருஷம் விடாமல் செய்தால் ஐந்தாறு கிலோ. அப்புறம் வேகம் பாதியாகும், இன்னும் குறையும். பி.காம். முதல் வருஷ எகனாமிக்ஸில் படிக்கிற குறைந்து செல் விளைவு விதி அப்படியே இங்கே பொருந்தும்.

இதற்கு வேலூரிலேயே ஒரு ஆள் சாட்சி இருக்கிறார். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம். ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ. அப்பா முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளு தூக்கியவர். மகன் ஜெயித்தபோது விஐடியில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தங்கம் வந்தபோது சதீஷுக்கு வயது 22. பள்ளிக்கூடப் பருவத்திலிருந்து போட்ட உழைப்பு அது.

அடுத்து 2018, கோல்ட் கோஸ்ட். மறுபடி தங்கம், மறுபடி அதே 77 கிலோ பிரிவு. ஆனால் மொத்தம் 317 கிலோதான். நான்கு வருஷத்தில் 11 கிலோ குறைவு! அதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்கப் போய் தொடையில் அடிபட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், 2014-ல் இன்னொரு இந்தியரான ரவிக்குமார் காடுலு இதே 317-ஐத் தூக்கி வெள்ளிதான் வாங்கினார். சாம்பியனுடைய கிராஃபே மேலும் கீழுமாகத்தான் போகிறது. மூணு மாச ஜிம் பையன் தன் கிராஃப் மட்டும் நேர்கோட்டில் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் ஓவர்.

இன்னொரு கேள்வி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வரத்தான் செய்யும். டேனரியில் ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடுகிறவர்கள் நாள் முழுக்க வெயிட் தூக்குகிறார்கள். அவர்களில் பலர் ஏன் ஒல்லியாகவே இருக்கிறார்கள்? காரணம் எளிது. போன வருஷம் தூக்கிய அதே தோல்தான் இந்த வருஷமும். உடம்பு அந்தச் சுமைக்கு ஒரு தடவை பழகிவிட்டால் மேற்கொண்டு வளர அதற்கு ஒரு அவசியமும் இல்லை. ஜிம்மில் வாரத்துக்கு வாரம் ஒரு கிலோ, இரண்டு கிலோ கூட்டுகிறோம், இல்லை இன்னும் இரண்டு தடவை சேர்த்துத் தூக்குகிறோம். அந்தக் கூடுதல்தான் தசைக்கு ஆர்டர். ஷிஃப்ட்டில் எரிகிற அளவுக்கு வயிற்றுக்குள் போகாததும் ஒரு காரணம். வரவைவிடச் செலவு கூட இருந்தால் பேலன்ஸ் ஷீட்டில் லாபம் எங்கிருந்து வரும்?

ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டே ஜிம்முக்கும் வருகிற பையன்களுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ஆறு மணிக்கு ஜிம், இரண்டு இட்லியோடு படுக்கை. இதில் தசை வளராது. வாரம் மூன்று நாள் ஒழுங்காகப் பயிற்சி செய்து, மீதி நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் வளரும்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் ஓடுவது பவுடர் டப்பாவுக்கு. 2018-ல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் பெரிதாகப் பலன் கூடவில்லை என்று தெரிந்தது. 55 கிலோவுக்கு 88 கிராம். நாலு முட்டை 24, அரை லிட்டர் பால் 16, ஐம்பது கிராம் சோயா 26, ஒரு கை வேர்க்கடலை 12, பருப்பு 11. கூட்டிப் பாருங்கள், 89 வந்துவிட்டது. சோறும் சப்பாத்தியும் தருவது இதற்கு மேல் போனஸ். ஆம்பூர் பிரியாணியும் தப்பில்லை, ஒல்லிப் பையனுக்குக் கலோரி கூடத் தேவைதானே. என்ன, அதில் சீரகச் சம்பா அரிசியை விடக் கறித் துண்டை எண்ணிச் சாப்பிட வேண்டும். கத்திரிக்காய் தொக்கிலிருந்து தசை வராது :-)

பவுடர் விஷம் இல்லை. பாலிலிருந்து எடுப்பதுதான். ஆனால் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்குகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டியது அதற்கு அடுத்த படி. மூணு மாசத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று ஏங்கி நிற்கிற பையனிடம் யாராவது வந்து "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்பான். அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சமாச்சாரம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விரை சுருங்கும், இதயமும் ஈரலும் அடி வாங்கும். இருபது வயதில் இயற்கையாகவே அந்த ஹார்மோன் நன்றாகச் சுரக்கிற காலத்தில் இப்படிச் செய்வது, சொந்த வீட்டுக்கே வாடகை கட்டுகிற புத்திசாலித்தனம்.

கடைசியாக ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டும் எடை ஏறாமல், உள்ளதும் குறைந்துகொண்டே போனால், அதோடு மாலையில் காய்ச்சல், விடாத இருமல், அடங்காத தாகம் என்று ஏதாவது இருந்தால் ஜிம் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. டிபி, தைராய்டு, சர்க்கரை என்று எதுவாகவும் இருக்கலாம். சிஎம்சி இருக்கிற ஊர்தானே, முதலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். டம்பெல் எங்கேயும் ஓடிப்போகாது.