ஒளிரும் உப்பு: சீசியம் குளோரைடு

சோடியம் குளோரைடு என்றால் சமையல் உப்பு. தனிம அட்டவணையில் சோடியம் இருக்கும் அதே தொகுதியில், சற்றுக் கீழே இருக்கிறது சீசியம். அதுவும் குளோரினோடு சேர்ந்து வெள்ளை உப்பாகிறது. தண்ணீரில் சுலபமாகக் கரைகிறது. ஆனால் அந்தச் சீசியம், சீசியம்-137 ஆக இருந்தால் கதையே வேறு. அது கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். புற்றுநோய் சிகிச்சைக் கருவிகளில் இந்த உப்பு பயன்பட்டது.

1987 செப்டம்பர். பிரேசில் நாட்டின் கோயானியா நகரம். கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றில் கிடந்த அப்படிப்பட்ட கருவியை, காசாகும் என்று இருவர் கழற்றிப்போய் காயலான் கடையில் விற்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. இருட்டில் அது நீலமாக ஒளிர்வதைக் கண்ட கடைக்காரர், ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அரிசி அளவுத் துணுக்குகளாகக் கொடுத்தார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பொடி ஒட்டிய கையோடு சாப்பிட்டாள்.

கதிர்வீச்சு எதிலிருந்து வந்தாலும் ஆபத்துதான். ஆனால் இங்கே பாதி வேலையைச் செய்தது வேதியியல். இதே சிகிச்சைக்குப் பயன்படும் கோபால்ட்-60 உலோகத் துண்டுகளாக இருக்கும், தண்ணீரில் கரையாது. உப்பு அப்படியில்லை. பொடியாகும், கையில் ஒட்டும், வியர்வையிலும் மழையிலும் கரைந்து பரவும். உள்ளே போனாலோ, உடல் அதைப் பொட்டாசியம் என்று நம்பித் தசைகளில் சேர்த்துக்கொள்ளும்.

வீட்டில் பலரும் ஒரே நேரத்தில் நோயில் விழுவதைக் கவனித்துப் பொடியைச் சந்தேகித்தவர் கடைக்காரரின் மனைவி. செப்டம்பர் 28 அன்று அதை ஒரு பையில் போட்டு, பேருந்தில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகே உண்மை தெரிந்தது. சுமார் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது. 46 பேருக்குக் கொடுத்த மருந்து, ஓவியர்கள் பயன்படுத்தும் பிரஷ்யன் நீலம்! குடலுக்கு வரும் சீசியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மீண்டும் இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியேற்றும்.

நான்கு பேர் இறந்தார்கள். அந்தச் சிறுமியும், பையோடு போய் ஊரைக் காப்பாற்றிய அந்தப் பெண்ணும் அவர்களில் இருவர்.

கதிரியக்கப் பொருள் எவ்வளவு வீரியமானது என்று கேட்டால் மட்டும் போதாது. அது கரையுமா என்றும் கேட்க வேண்டும்.