மகளுக்கு வயல், மகனுக்கு வழி

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில், மராப்பி எரிமலைச் சரிவில் இருக்கிறது பரியாங்கான். மினாங்கபாவ் மக்களின் ஆதி ஊர் இதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. எருமைக் கொம்பு போல நிமிர்ந்த கூரை வீடுகள், படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். வழக்கப்படி இவை பெண்வழிக்கே சொந்தம்.

பரம்பரைச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அந்தக் காலத்தில் வளர்ந்த பையன்களுக்கு அம்மா வீட்டில் படுக்க அறைகூடக் கிடையாது. 'சுராவ்' என்ற தொழுகைக்கூடத்தில்தான் தூக்கம்.

அதனால் இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கிளம்புவார்கள். 'மரந்தாவ்' என்று இதற்குப் பெயர். ஜகார்த்தாவிலும் மலேசியாவிலும் 'பாடாங்' சாப்பாட்டுக் கடைகள் பெருகியது இப்படித்தான். அங்கே சம்பாதித்த சொத்து இஸ்லாமிய முறைப்படி பிரியும். அதில் மகனுக்கும் பங்கு உண்டு.

பெண்களும் வயலை இஷ்டத்துக்கு விற்க முடியாது. அடகு வைக்கவே நான்கு காரணங்கள்தான்: இறந்தவரை அடக்கம் செய்யப் பணமில்லை, வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெரிய வீடு ஒழுகுகிறது, குலத்தலைவரைப் பதவியில் அமர்த்த வேண்டும். அதற்கும் தாய்மாமன் உட்பட குடும்பமே சம்மதிக்க வேண்டும்.

ரம்ஜான் பெருநாள் வந்தால் மலைப்பாதை முழுக்க வண்டிகள். வெளியூர் போனவர்கள் திரும்புகிறார்கள். தன் பிள்ளைக்கு எழுதி வைக்க ஒரு சென்ட் பரம்பரை நிலம்கூட அவர்களுக்கு அங்கே இல்லை. ஆனாலும், அம்மா வீட்டுக் கூரை ஒழுகினால் முதலில் போன் போவது அவர்களுக்குத்தான்.