கொடிமலை நத்தையும் அரியலூர்ச் சங்கும்

பினாங்குக்குப் போகிற நம் தோட்டத்து மக்கள் இரண்டு காரியம் செய்யாமல் திரும்புவதில்லை. ஒன்று, தண்ணீர்மலை முருகனைக் கும்பிடுவது. மற்றது, ஆயர் ஈத்தாமில் இரயில் ஏறிக் கொடிமலைக்குப் போவது. நீங்களும் போயிருப்பீர்கள். மேலே குளிர்ந்த காற்று, அருளொளி திருமுருகன் கோயில். கீழே ஜார்ஜ் டவுன், கடலுக்கு அக்கரையில் செபராங் பிறை. கண் தூரத்திலேயே நிற்கும். காலடியில் கிடக்கும் இலைச்சருகை யார் பார்க்கிறார்கள்?

பார்த்தவர் ஒருவர் உண்டு. பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்று பெயர். இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவில் 1838-இல் பிறந்தவர். மலை இரயில் 1923-இல்தான் ஓடத் தொடங்கியது. இவர் வந்தது அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்னால். அக்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்கள் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. இவர் தேடி வந்தவற்றில் நத்தையும் ஒன்று.

எவரோ ஒரு வெள்ளைக்காரர் நத்தை பொறுக்கினால் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அவருடைய பெரிய வேலையே நம் பாட்டன் பூட்டன் ஊர்க் கல்லைப் பற்றியதுதான்.

திருச்சிக்கு வடக்கே ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், அப்பால் அரியலூர் என்று ஒரு வட்டாரம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் லால்குடி, பெரம்பலூர் பக்கம் என்று சொல்லக் கேட்டிருக்கலாம். கடலிலிருந்து வெகு தூரம் உள்ள அந்த மானாவாரிக் காட்டில் உழுதால் சங்கும் சிப்பியும் கிடைக்கும். எல்லாம் கல்! சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு முன்பு வரை கடல் அங்கே ஏறி ஏறி இறங்கியது. செத்த உயிர்களின் ஓடு சேற்றில் புதைந்து, சேறு இறுகிப் பாறையாக, ஓடும் கல்லாயிற்று. ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் என்ற பிராணிதான் அதில் பெயர்பெற்றது. பூசையறையில் வைக்கும் சாளக்கிராமம் இதே இனம். அது நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது.

பிளான்போர்டு என்பவரும் கூட்டாளிகளும் 1850-களின் கடைசியில் அந்த வட்டாரத்தில் அலைந்து இந்தக் கற்களைச் சேகரித்தார்கள். தோண்டியெடுத்துக் கூடையில் சுமந்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நம் ஆட்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். கற்கள் கல்கத்தா போய்ச் சேர்ந்தன. 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்த ஸ்டோலிச்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இனம் பிரித்து, பெயரிட்டு, படத்தோடு எழுதினார். 1873-இல் முடிந்தபோது ஏறத்தாழ 1,500 பெரிய பக்கங்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கல்லான சங்கில் வீடு இருக்கிறது, குடியிருந்தவர் இல்லை. ஆள் போய்விட்ட லயத்து வீட்டைப் பார்த்து, இருந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? அடுத்த லயத்தில் ஆள் இருந்தால், அவரைப் பார்த்துவிட்டு வந்து ஓரளவு சொல்லலாம். ஸ்டோலிச்காவின் நூலில் இது தெரிகிறது. சிப்பிகளைப் பற்றிய பாகத்தில், கல்லானவற்றோடு இன்று உயிரோடிருக்கும் சிப்பிக் குடும்பங்களையும் சேர்த்தே அலசியிருக்கிறார். பினாங்கு நத்தைகளைப் பற்றி வங்காள ஆசியச் சங்க ஏட்டில் 1872-லும் 1873-லும் எழுதிய இரண்டு கட்டுரைகளிலும், ஓட்டோடு நிறுத்தாமல் உள்ளே இருக்கும் பிராணியின் உடம்பையும் அறுத்துப் பார்த்து விவரித்தார்.

முதல் கட்டுரை, கதவுள்ள நத்தைகள். உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டதும் வட்ட மூடியால் வாசலை அடைத்துக்கொள்ளும். இவை கடல் சங்குக்குக் கிட்டிய உறவு. இரண்டாவது, கதவில்லாதவை. ஓடே இல்லாத நத்தை ஒன்றும் அதில் உண்டு. இலத்தீனில் ‘சித்திரம் தீட்டிய’ என்று பொருள்படப் பெயர் வைத்தார். கொடிமலையை அடுத்த மேற்கு மலையிலிருந்து ஒரு பாறைப் பல்லியையும் 1870-இல் உலகுக்கு அறிவித்தார். பினாங்குத் தீவை விட்டால் வேறெங்கும் அது இல்லை.

பினாங்குத் தீவு கருங்கல் மலை. ஓடு கட்ட நத்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும். அது இங்கே அரிது. அதனால் நத்தைகளும் குறைவு, பலவும் எள்ளளவு. பத்துமலை, ஈப்போ போன்ற சுண்ணாம்புக் குன்றுகளின் கதை வேறு. அந்தந்தக் குன்றுக்கே உரிய நத்தைகள் உண்டு. குன்று போனால் நத்தையும் போயிற்று. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் குன்றைக் கல்லுக்காக உடைத்தே தீர்த்தார்கள். அங்கு மட்டும் வாழ்ந்த ஒரு நத்தை இனம் அதோடு அழிந்தது. அரியலூரிலும் அதே சுண்ணாம்புக் கல்தான் சிமெண்டாகிறது. நாம் குடியிருக்கும் வீடும் சிமெண்டுதான், வாயைத் திறக்க முடியவில்லை!

நூல் முடிந்த 1873-லேயே ஸ்டோலிச்கா யார்க்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு புறப்பட்டார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைக் கடந்ததும், மூச்சுக்குக் காற்றுப் போதாத அந்த உயரத்தில் நோய் கண்டு, 1874 ஜூன் 19-இல் லடாக்கின் மூர்கோவில் இறந்தார். வயது 36. லே நகரில் அடக்கம் செய்தார்கள். அம்மோனைட் இனம் ஒன்றுக்கு அடுத்த ஆண்டே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. வந்து பார்த்தவர்கள் அம்மோனைட் காலத்துக் கல் என்றார்கள். ஊர் பார்க்கப் போகிறவர்கள் அரியலூருக்கு அருகில் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம்.

கொடிமலைக் காடு 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அடுத்த முறை போகும்போது மழை விட்ட காலை நேரமாகப் பாருங்கள். பாதையோரச் சருகைக் குச்சியால் மெல்ல விலக்கினால், கடுகு போல் ஏதோ நகரும். பிள்ளைகள் கதவு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுச் சருகைப் பழையபடி மூடிவிட்டு வாருங்கள்; எடுத்து வரக்கூடாது.